படத்தில் போட்ட எண்ணும் வணிகன் தரும் வாக்கும்



பலசரக்குக் கடைக்காரர்களும் மண்டிக்காரர்களும் படிக்கும் நமது சங்க இதழில் ஓவியத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். பருப்பு விலை, செஸ், உரிமம், ஜி.எஸ்.டி. என்று நமக்கு இருக்கும் தலைவலிகள் போதாதா என்றும் கேட்கலாம். ஆனால் சில காலமாக நம் உறுப்பினர்களின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஒரு புதுச் சரக்கு வந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

சதுரம், வட்டம், முக்கோணம், கோடு. இவற்றை மட்டும் வைத்துப் பல நிறங்களில் அச்சடித்த படங்கள். மனிதர் இல்லை, மரம் இல்லை, தெய்வம் இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, அடியில் பென்சிலால் 25/100 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கையெழுத்தும் இருக்கும். ‘லிமிடெட் எடிஷன்’ என்கிறார்கள். உலகத்திலேயே நூறு பிரதி தான், அதில் இது இருபத்தைந்தாவது என்று பொருள். கொண்டு வருகிறவர் சுவருக்கு அழகு என்று மட்டும் சொல்லி விற்றால் எனக்கு ஒன்றும் இல்லை. அவர் அதை முதலீடு என்கிறார். தங்கத்தைப் போல ஏறும், பத்து வருடத்தில் பிள்ளைகளுக்கு ஆகும் என்கிறார். புதுக் கட்டடம் கட்டிய நம்மவர் சிலர் சுவருக்கென்று ஒன்று வாங்கியதோடு நிற்காமல், கடை முதலிலிருந்து எடுத்து நாலைந்து வாங்கி வைக்கிறார்கள். அங்கே தான் பேச வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்கள் வெறும் கிறுக்கல் அல்ல. நல்ல கலை தான். ஆனால் இந்தச் சரக்கின் விலையில் பெரும்பகுதி காகிதத்திலும் இல்லை, மையிலும் இல்லை. ‘இதற்கு மேல் அடிக்க மாட்டேன்’ என்று ஒருவர் கொடுத்த வாக்கில் இருக்கிறது. வாக்கைக் காசு கொடுத்து வாங்குகிறவன், வாக்குக் கொடுத்தவர் யார், அதைக் காப்பாற்றுவாரா என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். தெரியவில்லையென்றால் கடை முதலை அதில் போடக் கூடாது.

கட்டம் போட்ட படத்தில் என்ன இருக்கிறது?

“ஸ்கேல் வைத்து என் பேரனே போடுவான்” என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். ஜெர்மனியில் 1888-ல் பிறந்த ஜோசப் ஆல்பர்ஸ் என்பவரை எடுத்துக்கொள்வோம். முதலில் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற கலைப்பள்ளியில் ஆசிரியர். 1933-ல் அந்தப் பள்ளி மூடப்பட்டதும் அமெரிக்கா சென்றார். 1950-ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, சதுரத்துக்குள் சதுரமாக வரையத் தொடங்கி, 1976-ல் இறக்கும் வரை அதையே வரைந்தார். ஆயிரத்துக்கும் மேல் வரைந்திருக்கிறார்.

ஏன் அப்படி? ஒரே நிறம் பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அதற்குத் தகுந்தாற்போல் வேறு நிறமாகத் தெரியும். அதைக் காட்டுவதற்குத் தான். இது நமக்குத் தெரியாத விஷயமா? நகைக்கடைக்காரர் தங்கத்தை ரோஸ் தாளில் மடித்துத் தருவது எதற்கு? அரிசி மாதிரியைக் கறுப்புத் தட்டில் கொட்டினால் ஒரு வெள்ளை, வெள்ளைத் தாளில் கொட்டினால் ஒரு பழுப்பு. வத்தலுக்குப் பக்கத்தில் வைத்த மஞ்சளும் மல்லிக்குப் பக்கத்தில் வைத்த மஞ்சளும் ஒரே மூட்டையில் எடுத்ததானாலும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியாது. மாதிரி பார்த்துக் கொள்முதல் செய்கிற எவருக்கும் இது பாலபாடம். நாம் கடையில் அறிந்ததை அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து ஊருக்குச் சொன்னார்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. ஆல்பர்ஸ் தம் ஓவியத்தின் பின்புறத்தில், எந்தக் கம்பெனியின் என்ன வண்ணம் எந்த இடத்தில் பூசினேன் என்று எழுதி வைப்பார். நாம் லாட் எண் எழுதி வைப்பது போல. அவருடைய அச்சுப் படங்கள் அத்தனைக்கும் 2001-ல் ஒரு முழுப் பட்டியல் புத்தகமே வந்துவிட்டது. எந்தப் படம், எந்த வருடம், எத்தனை பிரதி என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். 1972-ல் அவர் வெளியிட்ட பெரிய தொகுப்பில் 127 படங்கள், அச்சிட்டது ஆயிரம் தொகுப்பு. ஆயிரம் என்றால் ஆயிரம் என்று பகிரங்கமாகச் சொல்லி விற்றார்கள். பேரேடு ஒழுங்காக இருக்கிற சரக்கு என்றால் அது தான்.

மஞ்சள் பை அடிக்கிற அதே வேலை

இந்தப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சடித்தவை. நம் கடைப் பெயரை மஞ்சள் பையில் அடித்துத் தருகிறார்களே, அதே முறை. சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, மை இறங்கக் கூடாத இடத்தை அடைத்துவிட்டு, ரப்பர் பட்டையால் மையை இழுத்துத் தள்ளுவார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். பன்னிரண்டு நிறமுள்ள படத்தை நூறு பிரதி அடிக்க வேண்டுமென்றால் ஆயிரத்து இருநூறு முறை மை இழுக்க வேண்டும். மயிரிழை விலகினால் கட்டமும் கோடும் பொருந்தாது, தாள் வீண். மரம், மனிதர் படத்தில் சிறு பிசகு மறைந்து போகும். நேர்கோட்டில் மறையாது. ஆகவே சுத்தமாக அடித்த ஒரு படத்தைப் பார்த்தால் அதில் உழைப்பு இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணைப் பற்றியும் ஒரு விளக்கம். செம்புத் தகட்டில் கீறி அச்சடிக்கும் பழைய முறையில், தகடு தேயத் தேய அச்சு மங்கும். அதனால் முதலில் வந்த பிரதிகளுக்கு மதிப்பு அதிகம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அப்படி இல்லை. 3/100 உயர்த்தி, 97/100 தாழ்த்தி என்று யாராவது விலை சொன்னால் நம்ப வேண்டாம். அடித்த வரிசைப்படியே எண் போட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

நூறு என்று எழுதியிருந்தால் நூறு தானா என்பது அடுத்தது. எங்கள் மண்டிக்கு ஒரு தம்பி படங்களைக் கொண்டு வந்தார். “அண்ணாச்சி, உலகத்துக்கே நூறு தான்” என்றார். “நூறு போகக் கொசுறு எத்தனை தம்பி?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “ஏ.பி. ஒரு பத்து இருக்கும்” என்றார். ஏ.பி. என்றால் ஓவியருக்கென்று ஒதுக்கும் பிரதி. நூற்றுக்குப் பத்து என்ற அளவில் ஒதுக்குவது வழக்கம். அது போக, விற்பனைக்கு அல்ல என்று எச்.சி. குறியிட்ட பிரதிகள் சில, அச்சகத்தாருக்குச் சில. விற்பனைக்கு அல்ல என்று குறித்ததும் பிறகு சந்தைக்கு வருவதுண்டு. சில பதிப்பாளர்கள் ஒரு காகிதத்தில் நூறு அடித்து 1, 2, 3 என்றும், வேறு காகிதத்தில் ஐம்பது அடித்து ரோமன் எண்ணிலும் போடுவார்கள். ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பது உண்மை தான். கூட்டிப் பார்த்தால் தான் கணக்கு வேறு. மூட்டை நூறு என்று பில் போட்டுவிட்டு, கிட்டங்கியில் நூற்று எழுபது வைத்திருந்தால் நாம் என்ன சொல்வோம்?

எல்லோருக்கும் என்று தொடங்கியது

இந்தக் கட்டப் படங்கள் இவ்வளவு பிரதியாகப் பரவியதற்கு முக்கியமான ஒருவர் விக்டர் வசரெலி. ஹங்கேரி நாட்டில் 1906-ல் பிறந்து, 1930-ல் பாரிஸுக்குப் போய் விளம்பரப் படம் வரைந்து பிழைத்தவர். 1944-ல் டெனிஸ் ரெனே என்ற பெண்மணி பாரிஸில் ஓவியக் கடை தொடங்கியபோது முதலில் காட்சிக்கு வைத்தது வசரெலியின் படங்களைத் தான். கட்டங்களையும் வட்டங்களையும் சற்றே வளைத்தும் சுருக்கியும், தாள் உப்பி வெளியே வருவது போல் கண்ணுக்கு மயக்கம் காட்டுவார். கியூபாவிலிருந்து வந்த அர்கே என்ற தேர்ந்த ஸ்கிரீன் பிரிண்டிங் கைக்காரர் அவருக்கும் மற்றவர்களுக்கும் அச்சிட்டுக் கொடுத்தார்.

வசரெலியின் கொள்கை நம் போன்ற சிறு வணிகர்களுக்கு உடனே புரியும். ஒரே ஓவியம் ஒரே பணக்காரர் வீட்டில் முடங்கக் கூடாது, பல பிரதி எடுத்துச் சாதாரண மனிதர் வீட்டுக்கும் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். வடிவத்துக்கும் நிறத்துக்கும் ஒரு எழுத்து வரிசை போல முறை வகுத்து, உதவியாளர்களே செய்து முடிக்கும்படி வைத்தார். 1959-ல் பாரிஸில் டானியல் ஸ்போரி என்பவரும் இதே எண்ணத்தில், பல கலைஞர்களின் படைப்புகளை வகைக்கு நூறு பிரதி என்று செய்து, பெரிய பெயருக்கும் சிறிய பெயருக்கும் ஒரே விலை வைத்து விற்றார். அதில் வசரெலியும் உண்டு. அந்தக் காலத்தில் சிறிய வருமானக்காரர்களும் கலைஞர் கையெழுத்திட்ட படம் வாங்க இது வழி செய்தது.

1965-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இந்த வகை ஓவியங்களுக்கென்று பெரிய கண்காட்சி நடந்தது. அதன் பிறகு மோகம் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிட்ஜெட் ரைலி அம்மையார் கண்காட்சிக்குப் போனபோது, கடைக் கண்ணாடிகளில் தம் ஓவியமே கவுன் துணியாகத் தொங்கக் கண்டார். அவரிடம் ஓவியம் வாங்கிய ஒரு ஆடை வியாபாரியே அதைத் துணியில் அச்சிட்டிருந்தார். அம்மையார் மிகவும் வருந்தினார். ஓவியத்தை வாங்கியவருக்கு அதைச் சுவரில் மாட்டும் உரிமை உண்டு, ஆயிரம் கெஜம் துணியில் அடிக்கும் உரிமை உண்டா? எத்தனை பிரதி என்பதை யார் முடிவு செய்வது என்ற இந்தக் கேள்வி தான் இந்த வியாபாரம் முழுவதற்கும் அடிப்படை.

வசரெலியின் படங்களுக்கு என்ன ஆயிற்று? 200, 250 என்று பிரதி போட்ட படங்கள் வருடந்தோறும் வந்தன. மோகம் குறைந்ததும் சந்தையில் சரக்கு தேங்கியது. 1976-ல் அவர் பெயரில் பிரான்ஸில் பெரிய காட்சிக்கூடமே திறந்தார்கள். அவர் புகழ் இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் கையெழுத்திட்ட அச்சுப் படங்கள் பல இன்றும் ஏலத்தில் சில நூறு டாலருக்குப் போகின்றன. எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தவருக்கு அது வெற்றி. முதலீடு என்று வாங்கியவருக்கு? ஒரே மனிதருடைய ஒரே படம் இருவருக்கு இரண்டு விதமாக முடிந்தது. ஆகவே வாங்குமுன் நாம் எந்த ஆள் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

குறைத்து அடிப்பது பதுக்கலா?

இங்கே நம் உறுப்பினர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் 1955-லிருந்து நம் தலைமேல் இருக்கிறது. 2024 ஜூன் மாதம் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் இருப்புக் கட்டுப்பாடு வந்தது. மொத்த வணிகருக்கு ரகத்துக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன், செப்டம்பர் முடிய. இருப்பை இணையத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. இரண்டு மூட்டை கூடினால் பதுக்கல்காரன் என்ற பட்டம். ஆனால் ஓவிய வியாபாரி இன்னும் ஆயிரம் அடிக்க முடிந்தும் நூறோடு நிறுத்தி, வலையை அழித்துவிட்டு, விலையை ஏற்றினால் அவருக்குக் கலைக்காவலர் என்ற பட்டம். இது என்ன நீதி?

நானும் யோசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றல்ல. பருப்பு இல்லாமல் ஒரு வீட்டில் உலை பொங்காது. படம் இல்லாமல் யாரும் பட்டினி கிடப்பதில்லை. அது ஒரு வித்தியாசம். அதைவிடப் பெரியது இன்னொன்று. பதுக்குகிறவன் எவ்வளவு வைத்திருக்கிறேன் என்று சொல்வதில்லை. இல்லாததைப் போலக் காட்டி விலையை ஏற்றுகிறான். நேர்மையான பதிப்பாளர் முதல் பிரதியை விற்குமுன்பே நூறு என்று அறிவித்துவிடுகிறார், ஒவ்வொரு தாளிலும் எழுதியும் விடுகிறார். அளவைக் குறைப்பது குற்றமல்ல. அளவை மறைப்பதும், சொன்ன அளவைப் பிறகு மாற்றுவதும் தான் குற்றம். பருப்பாக இருந்தாலும் படமாக இருந்தாலும் இந்த நியாயம் ஒன்று தான்.

வாக்குத் தவறினால்

வாக்கைக் காப்பாற்றாதவர்களால் இந்தத் தொழிலுக்கு வந்த கெட்ட பெயர் கொஞ்சமல்ல. ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடார் டாலி கட்டம் வரைந்தவர் அல்லர். ஆனாலும் அச்சுப் படம் வாங்கும் எவரும் அவர் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1974-ல் அந்தோராவுக்குப் போன ஒரு வண்டியை பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் நிறுத்திச் சோதித்தபோது, உள்ளே நாற்பதாயிரம் வெற்றுத் தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் டாலியின் கையெழுத்து. படம் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் போன்றது அது. கையெழுத்து அசல், சரக்கு போலி. இன்றைக்கும் டாலியின் அச்சுப் படம் என்றாலே வாங்குகிறவர்கள் தயங்குகிறார்கள்.

அமெரிக்காவில் வில்லியம் எக்லஸ்டன் என்ற புகைப்படக் கலைஞரின் வழக்கு வேறு மாதிரி. அவர் முன்பு எண்ணிட்டு விற்ற சில படங்களையே 2012-ல் பெரிய அளவில், புது டிஜிட்டல் முறையில் அச்சிட்டு ஏலத்தில் விட்டார். 36 படங்கள் சுமார் 59 லட்சம் டாலருக்குப் போயின. பழைய பிரதிகளை வாங்கி வைத்திருந்த ஒருவர், என் சரக்கின் மதிப்பு போயிற்றே என்று வழக்குப் போட்டார். அளவும் முறையும் வேறு, ஆகவே இது வேறு பதிப்பு என்று சொல்லி நீதிமன்றம் 2013-ல் வழக்கைத் தள்ளிவிட்டது. இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? நூறு என்ற எண் அந்த அளவுக்கும் அந்த முறைக்கும் மட்டும் தான் கட்டுப்படுத்தும். வேறு அளவில் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்காதவருக்குக் கேட்க வழியில்லாமல் போகலாம்.

நம் நாட்டிலும் பார்ப்போம். வட்டத்தையும் முக்கோணத்தையும் ‘பிந்து’ என்ற புள்ளியையும் வைத்து வரைந்து உலகப் புகழ் பெற்றவர் எஸ்.எச். ரஸா. மத்தியப் பிரதேசத்தில் 1922-ல் பிறந்தவர், பாரிஸில் அறுபது வருடம் வாழ்ந்து, கடைசியில் இந்தியா திரும்பி 2016-ல் காலமானார். 2009 ஜனவரியில் டில்லியில் தம் பெயரில் நடந்த ஒரு கண்காட்சிக்குச் சென்றவர், சுவரில் மாட்டியிருந்தவை போலிகள் என்று கண்டு திகைத்தார். வரைந்தவரையே அழைத்து வந்து போலியைக் காட்டும் துணிச்சல் இருக்கிறதென்றால், வரைந்தவர் இல்லாத காலத்தில் என்னென்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது கம்ப்யூட்டர் இங்க்ஜெட் மெஷினில் அடித்த படங்களை ‘ஜிக்லே’ என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். 1991-ல் அமெரிக்காவில் ஜாக் டுகேன் என்ற அச்சுக் கலைஞர் வைத்த பெயர் அது. மையைப் பீய்ச்சுவது என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தது. நல்ல மை, நல்ல தாள் என்றால் அதுவும் நன்றாகத் தான் இருக்கும். ஆனால் அங்கே தேயும் தகடும் இல்லை, அழிக்கும் வலையும் இல்லை. கம்ப்யூட்டரில் ஃபைல் இருக்கும் வரை நூற்றொன்றாவது பிரதியும் முதல் பிரதி போலவே வரும். அங்கே எல்லை என்பது முழுக்க முழுக்க விற்பவரின் நாணயம் மட்டுமே.

கேட்க வேண்டிய கேள்விகள்

கலிபோர்னியாவில் 1970-களின் தொடக்கத்திலேயே, பிறகு நியூயார்க்கிலும், இதற்கென்று சட்டம் கொண்டு வந்தார்கள். எண்ணிட்ட படம் விற்கிறவர் ஓவியர் பெயர், வருடம், அச்சு முறை, மொத்தப் பிரதி, ஒதுக்கிய பிரதி, தகடோ வலையோ அழிக்கப்பட்டதா என்பதையெல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதை யாரும் தடுக்கவில்லை. கேளுங்கள்:

1. ஏ.பி., எச்.சி., ரோமன் எண் எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை?

2. கையால் இழுத்த ஸ்கிரீன் பிரிண்டா, மெஷினில் அடித்ததா? அச்சிட்டது யார், வெளியிட்டது யார், எந்த வருடம்?

3. இதே படம் வேறு அளவில், வேறு தாளில் வந்திருக்கிறதா? இனி வராது என்று எழுதித் தருவீர்களா?

4. பில்லில் என்ன எச்.எஸ்.என். போடுவீர்கள்? இது முக்கியம். சுங்கத் தீர்வை அட்டவணை 97-ஆம் அத்தியாயத்தில் 9702 என்ற எண் அசல் அச்சுப் படங்களுக்கு உரியது. ஓவியரே கையால் உருவாக்கிய அச்சிலிருந்து நேரடியாக எடுத்ததாக இருக்க வேண்டும், மெஷின் முறையிலோ போட்டோ முறையிலோ எடுத்தது சேராது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. வாயால் ‘அசல்’ என்று சொல்கிறவர் பில்லில் எந்த எண்ணைப் போடுகிறார் என்று பாருங்கள். வாய் சொல்லாததை பில் சொல்லிவிடும்.

5. ஒரு வருடம் கழித்து நீங்களே எந்த விலைக்குத் திரும்ப எடுப்பீர்கள்?

ஐந்தாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. மிளகுக்கும் ஏலக்காய்க்கும் இன்றைய மார்க்கெட் விலை என்று ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கு மூட்டையை இறக்கினால் மாலைக்குள் ரொக்கம். படத்துக்கு அப்படி மண்டி கிடையாது. ஏலத்துக்கு அனுப்பினால் விற்பவரிடம் ஒரு கமிஷன், வாங்குபவரிடம் விலைக்கு மேல் இருபது சதவீதத்தையும் தாண்டி ஒரு கமிஷன். இரண்டுக்கும் இடையில் லாபம் எங்கே நிற்கும்? போதாததற்கு, வெயில் பட்டால் நிறம் போகும், ஈரம் பட்டால் தாள் பூஞ்சை பிடிக்கும். சட்டம் போடுகிறவர் அளவு சரியில்லை என்று ஓரத்தை வெட்டினால், பென்சில் எண்ணோடு மதிப்பும் குப்பைக்குப் போய்விடும்.

நிலத்திலும் நகையிலும் போடுவதை விட்டு இதில் போட்டு லாபம் பார்த்தவர்களும் இருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் வாதாடினார். இருக்கட்டும். அவர்கள் அந்தச் சரக்கை வருடக்கணக்காகப் பார்த்துப் பழகி, பட்டியல் புத்தகம் புரட்டி, ஏல விலை குறித்து வைத்து வாங்கியவர்கள். வத்தலைக் கையில் எடுத்து மோந்து பார்த்தே எந்த ஊர், எத்தனை நாள் என்று சொல்கிற நம் அனுபவம் வத்தலுக்குத் தான் உதவும். தெரியாத சரக்கில் அடுத்தவர் பேச்சை நம்பி இறங்குவது வியாபாரம் ஆகாது.

ஆகவே நான் சொல்வது இவ்வளவு தான். பார்க்கப் பிடித்திருக்கிறதா, ஒன்று வாங்குங்கள். காலையில் கடை திறந்ததும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தால் அதுவே அதற்கு வட்டி. கோடும் கட்டமும் பழகப் பழகப் பிடிக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். விலை ஏறினால் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். ஆனால் சரக்குப் பிடிக்க வேண்டிய பணத்தையும், பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணத்தையும் அதில் போடாதீர்கள்.

நம் பலகையிலும் எண் இருக்கிறது

கடைசியாக ஒன்று. ஓவியக் கடைக்காரரைக் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. தீபாவளி, பொங்கல் வந்தால் நம்மவர் கடைகளிலும் ‘முதல் நூறு பேருக்கு மட்டும்’, ‘ஸ்டாக் உள்ளவரை’ என்று பலகை தொங்குகிறது. முதல் நூறு என்று போட்டுவிட்டு இருபதோடு நிறுத்துகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள், கடைசிப் பத்து மூட்டை என்று சொல்லி நூறு மூட்டை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கொடுக்க எண்ணமில்லாத விலையைச் சொல்லி ஆளை இழுக்கும் விளம்பரத்தை 2022 ஜூனில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விதிமுறைகள் தடுக்கின்றன. சரக்கு குறைவாக இருந்தால் குறைவு என்று விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்றும் கூறுகின்றன. சட்டம் வந்த பிறகு தான் செய்ய வேண்டுமா? கூட்டி நிறுத்தால் கேட்க எடைக்கல்லில் முத்திரை இருக்கிறது. சொல்லுக்கு முத்திரை நாமே போட்டுக்கொள்ள வேண்டியது தான்.

பாரிஸில் பென்சிலால் எழுதிய 25/100-க்கும், நம் கடை வாசலில் சாக்பீஸால் எழுதிய ‘முதல் நூறு பேருக்கு’ என்பதற்கும் வித்தியாசம் இல்லை. இரண்டும் வணிகன் முன்கூட்டிக் கொடுத்த வாக்கு. அந்த எண்ணைக் காப்பாற்றிய ஆல்பர்ஸின் பதிப்பாளர்களைப் போன்றவர்களின் சரக்கை இன்றும் நம்பி வாங்குகிறார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டவரின் சரக்கைக் கண்டு ஒதுங்குகிறார்கள்.

அடுத்த முறை யாராவது கட்டம் போட்ட படத்தோடு படியேறி வந்தால், உட்காரச் சொல்லுங்கள், காபி கொடுங்கள், படத்தை நன்றாகப் பாருங்கள். விலை பேசுமுன் எண்ணிக்கையைப் பேசுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். சங்க உறுப்பினர்களில் யாருக்காவது இதில் பணம் போட யோசனை இருந்தால், சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை கலந்துகொண்டு செய்யுங்கள். நாலு பேர் கேட்கிற கேள்வி ஒருவர் கேட்பதைவிட நன்றாக இருக்கும்.